மலைக்குச் சரக்கு ஏற்றும் ஜீப்பும் அதன் குறுக்குச் சட்டமும்



மளிகைக்காரனுக்கும் பட்டறை வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிலர் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு. திண்டுக்கல்லில் மொத்த வியாபாரம் செய்கிற நம்மில் பலர், சிறுமலைக்கும், ஒட்டன்சத்திரம் வழியாகப் பாச்சலூர், தாண்டிக்குடிப் பக்கத்திற்கும், பண்ணைக்காடு ஊர்களுக்கும் வாரந்தோறும் சரக்கு அனுப்பிக் கொண்டிருக்கிறோம். தார்ச் சாலை வரைக்கும் லாரியும் வேனும் போகும். சாலை முடிந்த இடத்திலிருந்து தோட்டத்துக் கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் அரிசி மூட்டையையும் எண்ணெய் டின்னையும் கொண்டு சேர்ப்பது பழைய ஜீப்புகள்தான். இறங்கும்போது அதே ஜீப் மிளகும் காப்பிக் கொட்டையும் மலை வாழையும் ஏற்றி வருகிறது. சிறுமலையில் குதிரை முதுகில் பொதி ஏற்றி இறக்கும் வழக்கத்தை நம் உறுப்பினர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். பாதை அமைந்த இடமெல்லாம் குதிரையின் வேலையை ஜீப் எடுத்துக் கொண்டது. ஆகவே ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அதில் சரக்கு ஏற்றுகிறவனும் ஓரளவு தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

ஜீப்பின் அடிப்பாகம் ஓர் ஏணி போன்றது. நீளவாட்டில் இரண்டு இரும்புச் சட்டங்கள் ஓடும். அவற்றை ஏணிப்படிகள் போலக் குறுக்கே இணைப்பவை குறுக்குச் சட்டங்கள். பட்டறைகளில் ‘கிராஸ் மெம்பர்’ என்பார்கள். இவற்றில் நடுவில் இருக்கும் சட்டத்திற்கு இரட்டை வேலை. இரண்டு நீளச் சட்டங்களும் கோணாமல் பிடித்திருக்க வேண்டும். கியர் பாக்ஸையும், அதோடு சேர்ந்த ஃபோர்வீல் பெட்டியையும் ஒரு ரப்பர் மவுண்டிங் மேல் தாங்கவும் வேண்டும். எஞ்சினின் முன்பாகம் முன்னால் இரண்டு இடங்களில் உட்கார்ந்திருக்கும். மூன்றாவது கால் இந்த நடுச் சட்டம். அது இறங்கினால் எஞ்சினிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் எல்லாமே கோணலாகிவிடும்.

குறுக்குச் சட்டம் என்பது சிறிய சமாசாரம் இல்லை என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்திற்கு ஜீப்புகளை வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் ஒரே மாதிரியில் செய்து கொடுத்தன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் முன்பக்கக் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய்; ஃபோர்டில் கவிழ்த்த பட்டைத் தொட்டி வடிவம். இன்றைக்கும் பழைய ஜீப் சேகரிப்பவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அந்தச் சட்டத்தைத்தான். அந்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்ததைத்தான் மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் பல பத்தாண்டுகள் செய்து விற்றது.

முதலில் வந்தவை பெட்ரோல் எஞ்சினும் மூன்று கியர் பெட்டியும் கொண்டவை. பெட்ரோல் விலை ஏற ஏற, ஓட்டுகிறவர்கள் டீசல் எஞ்சினைத் தேடினார்கள். கம்பெனியே பிரான்சு நாட்டுப் பெஜோவின் 2112 சி.சி. டீசல் எஞ்சினைப் போட்டு ஜீப்புகளை விற்றது. ஏற்கெனவே பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்கள் பட்டறைகளில் கொடுத்து டீசல் எஞ்சினும், நான்கு கியர் அல்லது ஐந்து கியர் பெட்டியும் மாற்றிக் கொண்டார்கள். இங்கேதான் சிக்கல் ஆரம்பம். புதிய பெட்டி பழையதை விட நீளம். அதன் ரப்பர் உட்காரும் இடம் சில அங்குலம் பின்னால் போய்விடும். டீசல் எஞ்சின் கனமும் அதிகம், உதறலும் அதிகம். கம்பெனி போட்ட நடுச் சட்டம் அந்த இடத்தில் பொருந்தாது. ஆகவே கையால் ஒன்று செய்து மாட்டியாக வேண்டும். அதை நன்றாகச் செய்தவர்களும் உண்டு, கிடைத்த ஆங்கிள் இரும்பை வெட்டி ஒட்டி அனுப்பியவர்களும் உண்டு.

இரண்டாவது வகை எப்படி முடியும் என்பதை எங்கள் சரக்கு ஏற்றிய ஜீப் ஒன்றில் கண்டேன். ஐப்பசி மழையில் பாச்சலூர் ஏற்றத்தில், இருபத்திரண்டு அரிசி மூட்டையும் எண்ணெய் டின்களும் சில்லறைச் சாமான்களும் இருந்தன. ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் தானாகக் கழன்றுவிட்டது. டிரைவர் கால் பிரேக்கை மிதித்து நிறுத்த, கூட வந்த பையன் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தான். யாருக்கும் அடி இல்லை. சரக்கும் தப்பியது. ‘‘கை பிரேக் போடலையா?’’ என்று கேட்டதற்கு டிரைவர், ‘‘போட்டேன் மொதலாளி, பிடிக்கல’’ என்றார்.

இது ஏன் என்பதை உறுப்பினர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். இந்தப் பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. ஃபோர்வீல் பெட்டிக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும்; கை பிரேக் அதைத்தான் பிடிக்கும். பெட்டி தொங்கிப் போனால் கை பிரேக்கின் கம்பியும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். ஷாஃப்ட் ஒடிந்து விழுந்தாலோ கியரும் பிடிக்காது, கை பிரேக்கும் பின் சக்கரத்தைப் பிடிக்காது. கால் பிரேக் ஒன்றே கதி. மலைச் சரிவில் பாரத்தோடு அந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கீழே படுத்துப் பார்த்ததில் நடுச் சட்டம் மெல்லிய ஆங்கிள். சேஸில் நேராக வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தது. ரப்பர் போல்ட்டுக்கான துளையைத் துளைக்காமல் கேஸ் கட்டரில் ஊதியிருந்தார்கள். அந்தத் துளையின் ஓரத்திலிருந்து விரிசல் ஓடி, சட்டம் பாதி பிளந்து, பெட்டியின் வால் ஓர் அங்குலத்திற்கு மேல் இறங்கிவிட்டது. செய்து கொடுத்தது எந்த ஊர்ப் பட்டறை என்பதைப் பற்றிப் பேசி இப்போது பயனில்லை. இரண்டாவது முறையாக அதைத் திண்டுக்கல்லிலேயே செய்தார்கள். எங்கள் மலை வியாபாரம் அந்த ஜீப்பை நம்பி இருந்தபடியால் இரண்டு நாளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பூட்டுக்குப் பெயர் போன ஊர் இது; 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அரத்தை எடுத்தால் நூல் பிசகாமல் ராவுகிற கை நம் ஊரில் இன்னும் இருக்கிறது என்பதை அந்த இரண்டு நாளில் பார்த்தேன்.

மேஸ்திரி முதலில் வெல்டிங் மெஷினைத் தொடவே இல்லை. வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, சேஸின் இரு பக்கமும் முன்னும் பின்னுமாக ஒரே மாதிரியான நான்கு துளைகளிலிருந்து தூக்குக் குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்தார். பிறகு வண்டியைத் தள்ளிவிட்டுப் புள்ளிகளைக் குறுக்காக அளந்தார். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால் சேஸ் நேர். கால் அங்குலத்திற்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் சேஸை நேராக்க வேண்டும். கோணிய ஏணிக்குப் புதுப்படி அடித்தால் கோணல்தான் நிலைக்கும் என்றார். இதில் வித்தியாசம் அற்பம்.

பிறகு ஒரு காரியம் செய்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே இருந்த டீசல் டாங்கியைக் கழற்றி வெளியே வைத்தார். பேட்டரி வயர்களையும் கழற்றினார். இந்த ரக ஜீப்பில் டாங்கி இருப்பதே சீட்டுக்கு அடியில்தான். நடுச் சட்டத்துக்கு வெகு அருகில். டாங்கியைக் கழற்றாமல் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு வெல்டிங் வைக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்கள் தங்கள் வண்டிக்கு அதை அனுமதிக்கக் கூடாது.

கியர் பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, பழைய ஆங்கிளை வெட்டி எடுத்து, சேஸில் ஒட்டியிருந்த வெல்டிங் மிச்சத்தைக் கிரைண்டரில் தேய்த்தார்கள். தேய்த்த இடத்தில் மண்ணெண்ணெய் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தடவினார் மேஸ்திரி. விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து சாக்பீஸில் கறுப்புக் கோடாகத் தெரியும். இடது பக்கச் சேஸில் ஒன்றரை அங்குல நீளத்துக்குக் கோடு தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதன் முனையில் சிறு துளை போட்டு மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, பள்ளம் எடுத்து, வெல்டிங் வைத்தார்கள். காசு செலவில்லாத சோதனை இது. தூக்கும் கொக்கியையும் தள்ளுவண்டி அச்சையும்கூட நாம் இப்படிப் பார்த்துக் கொள்ளலாம்.

அடுத்தது பெட்டியை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் யூ ஜாயின்ட் கிராஸ் இருக்கிறது. பெட்டியின் பின் முகமும், பின் ஆக்ஸிலின் முன் முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இரண்டு கிராஸும் ஒரே கோணத்தில் மடங்கும். ஒன்றில் உண்டாகும் துள்ளலை மற்றது சரிசெய்துவிடும். இணை தவறினால் துள்ளல் நிற்காது. கிராஸ் அடிக்கடி போகும், பேரிங் போகும், கடைசியில் ஷாஃப்டே போகும். சில மாதத்துக்கு ஒரு கிராஸ் மாற்றுகிற ஜீப்காரர்கள் கிராஸ் கம்பெனியைத் திட்டுவதை விட்டு இந்த உயரத்தை அளந்து பார்க்கலாம்.

வெறும் வண்டியில் அளந்தால் போதாது என்றார் மேஸ்திரி. பாரம் ஏறினால் பட்டை தாழும். ஆக்ஸிலின் சாய்வும் மாறும். ஆகவே எங்கள் கடையிலிருந்து இருபது மூட்டை அரிசியை வரவழைத்து வண்டியில் அடுக்கி, கோண அளவு காட்டும் மட்டத்தை இரண்டு முகங்களிலும் வைத்து, ஜாக்கியை நூல் நூலாக ஏற்றி இறக்கி நிறுத்தினார். மூட்டையை ஏற்றி இறக்கின கூலி எங்கள் கணக்கில். அதில் எனக்கு வருத்தமில்லை.

பிறகு ஓர் அட்டைப் பெட்டி கேட்டார். பிஸ்கட் அட்டைப் பெட்டியைக் கொடுத்தோம். அதைக் கத்தரித்து, சேஸின் உட்பக்கத்துக்கும் கியர் பாக்ஸின் காதுக்கும் பொருந்தும் மாதிரி எடுத்தார். முன் ஷாஃப்ட் போகும் இடத்தில் ஒரு வளைவு விட்டார். முன் ஆக்ஸிலைத் தூக்கியும் தொங்கவிட்டும் பார்த்து, எந்த நிலையிலும் ஷாஃப்ட் சட்டத்தில் உரசாது என்று தெரிந்த பிறகே அட்டையை முடிவு செய்தார். சைலன்சர் குழாய்க்கும் இரண்டு விரல் இடைவெளி. சட்டத்தின் அடிமட்டம் சேஸுக்குக் கீழே அதிகம் தொங்காதபடியும் பார்த்துக் கொண்டார். தொங்கினால் மலைப் பாதையின் நடுக்கல்லில் முதலில் இடிபடுவது அதுதான்.

சட்டத்துக்கு எடுத்தது 6 மி.மீ. தகடு. அதை மடக்கி ‘சி’ வடிவமாக்கி, இரு முனையிலும் அதே கனத்தில் தட்டு. வண்டியில் பொருத்தி நான்கு இடத்தில் மட்டும் புள்ளி வெல்டிங் வைத்து, கழற்றிக் கீழே கொண்டுபோய் மேசையில் வைத்து முழு வெல்டிங் செய்தார்கள். ஒரே பக்கமாக ஓட்டாமல் இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்ததால் தகடு முறுக்கிக் கொள்ளவில்லை. ராடு ஈரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் நாம் உப்பையும் சர்க்கரையையும் காக்கிற மாதிரிதான்.

சேஸில் ஒட்டாமல் போல்ட் போட்டு மாட்டுவது ஏன் என்று கேட்டேன். ‘‘கிளட்ச் பிளேட் மாத்த ஒவ்வொரு தடவையும் சட்டத்த அறுக்கவா அய்யா?’’ என்று திருப்பிக் கேட்டார். சட்டத்தைக் கழற்றினால்தான் பெட்டி இறங்கும். ஒட்டிவிட்டால் வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, சேஸ் பலவீனமாகிவிடும். போல்ட் துளைகளை எல்லாம் டிரில்லில்தான் போட்டார்கள். அதுவும் சேஸின் நிற்கும் பக்கத்தில். மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் துளை போடக் கூடாதாம். பாரத்தின் இழுவை முழுவதும் அந்த இரண்டு மடிப்பில்தான் இருக்கிறது. சேஸ் பெட்டியாக மூடியிருக்கிற இடத்தில் உள்ளே ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி அதன் வழியே போல்ட்டை விட்டார்கள். இல்லாவிட்டால் இறுக்க இறுக்கச் சேஸ் நசுங்கும், போல்ட் என்றைக்கும் இறுகாது.

பக்கத்துக்கு நான்கு போல்ட், 12 மி.மீ., தலையில் 8.8 என்ற எண் பொறித்தவை. ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த எண்ணுள்ள போல்ட்டையும் எண் இல்லாத சாதாரணப் போல்ட்டையும் ஒரே டப்பாவில் கலந்து போடாதீர்கள். வாங்க வருகிற பையனுக்கு வித்தியாசம் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மலையில்தான் வேறுபாடு தெரியும்.

ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும. பழைய லாரி டயரை வெட்டி ரப்பர் மவுண்டிங் செய்கிற வழக்கம் இருக்கிறது. வழியில் நின்றுபோன வண்டியை ஊர் சேர்க்க அது உதவும். நிரந்தரமாகப் போடக் கூடாது. எஞ்சின் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். ரப்பரே வேண்டாம், இரும்போடு இரும்பாக இறுக்கிவிடலாம் என்று சொல்கிறவர்கள் இன்னும் மோசம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸ் முறுக்கிக் கொள்ளும். அந்த முறுக்கலை ரப்பர் வாங்கிக் கொள்ளாவிட்டால் கியர் பாக்ஸின் காது உடையும். இந்த வண்டிக்குக் கம்பெனி ரப்பரே போட்டார்கள். சட்டத்தில் ரப்பருக்கான துளையை மட்டும் சற்று நீளவாக்கில் விட்டு, பெட்டியை முன்பின் நகர்த்த இடம் வைத்தார்கள். கடைசியாக ரெட் ஆக்சைடு பூசி, தண்ணீர் தேங்காமல் அடியில் ஒரு சிறு துளை.

சட்ட விஷயமும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செய்தது. அறுந்த சட்டத்தைப் பழுது பார்த்து மாட்டுவது வேறு, எஞ்சினையே வேறு ரகமாக மாற்றுவதும் சேஸை நீட்டுவதும் வேறு. பின்னது அந்தத் தடைக்குள் வரும்; விதி இடம் கொடுக்கிற மாற்றத்திற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்று, ஆர்.சி.யிலும் பதிந்துகொள்ள வேண்டும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றா என்பதைத்தான். ஆகவே சரக்கு அனுப்புமுன் ஆர்.சி. நகலை ஒரு முறை வாங்கிப் பாருங்கள். வெறும் வண்டி எடையும் பாரத்தோடு அனுமதித்த எடையும் அதில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திற்குள், டிரைவரும் கிளீனரும் உட்பட, நம் சரக்கு அடங்க வேண்டும். தராசுக்கு முத்திரை போடத் தவறாத நாம் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் போடுகிறோம். வண்டி வழியில் பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், பில்லின் இரண்டாம் பகுதியில் புது வண்டி நம்பரைப் பதிந்துவிட்டுத்தான் நகர வேண்டும். மலையில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடம் பல. டிரைவர் சிக்னல் கிடைக்கிற இடத்திற்கு வந்து கடைக்குச் சொல்லட்டும், கடையில் இருக்கிறவர்கள் பதியட்டும். இதை இப்போதே கணக்குப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் சரக்கு போகிற ஜீப்பைச் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. கிளட்ச் விடும்போது வண்டி உதறுகிறதா, ஏற்றத்தில் கியர் தானாகக் கழல்கிறதா, கியர் ராடு முன்னை விட அதிகம் ஆடுகிறதா என்று டிரைவரைக் கேட்டால் போதும். மூன்றில் ஒன்று இருந்தாலும் நடுச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாடகையில் ஐம்பது நூறு குறைத்துப் பேசுகிற நேரத்தில் இதையும் கேட்டுவிடலாம். டிரைவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த நடை வேறு வண்டிக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு.

புதுச் சட்டம் மாட்டியபின் 500 கிலோ மீட்டரில் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்திருந்தார். நட்டு தளர்ந்தால் கோடு விலகும். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது எட்டில் ஏழு கோடு நேராக இருந்தது. இடது பக்கப் பின் போல்ட் ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. இறுக்கி, பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டுவிட்டு, அன்றைக்கே பண்ணைக்காட்டுக்குப் பருப்பும் எண்ணெயும் ஏற்றினோம்.